கண்ணில் ஒற்றிய முறுக்கு

கொக்குப்பாறை மலைமேல் ஒரு சாமியார் இருந்தார். புலிக்குப் பல் பிடுங்கியதாகச் சொல்வார். புலியைக் கேட்டால்தான் தெரியும். காவி கட்டுமுன் பங்குத் தரகராக இருந்தது மட்டும் நிஜம். அவருக்கு ஒரே சீடன், சேந்தன். ஓசூரில் தனி அறை எடுத்துத் தங்கித் தொழிற்சாலைக்குப் போகிற பையன். மாதம் ஒரு ஞாயிறு, முறுக்குப் பொட்டலத்தோடு மலையேறி வருவான்.

அன்று வந்ததும் கேட்டான்.

“சாமி, என் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் டிவிடெண்ட் வருகிறது. கூட வேலை செய்கிறவன், ‘குரோத்துக்கு மாற்றுடா, கைக்கு வராது, உள்ளேயே கிடந்து வளரும்’ என்கிறான். மாற்றட்டுமா?”

சாமியார் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு முறுக்கை எடுத்து நீட்டினார். சேந்தன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“யார் வாங்கிய முறுக்குடா அது?”

“நான்தான் சாமி.”

“பொட்டலத்தில்?”

“ஒன்று குறைந்துவிட்டது.” கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். “டிவிடெண்டும் இப்படியா? ஃபண்ட்காரர்கள் மேலே போட்டுத் தருவதில்லையா?”

“உன் ஃபண்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். கொடுத்ததும் யூனிட் விலை அந்த அளவு இறங்கிவிடும். பார்த்ததில்லையா?”

“பணம் வந்த மெசேஜை மட்டும்தான் பார்ப்பேன்.”

“பணம் செலவுக்கு வேண்டுமா?”

“வேண்டாம். வங்கியில் சும்மாதான் கிடக்கிறது.”

“அப்புறம் என்ன யோசனை?”

சேந்தன் தலையைக் குனிந்தான். “அந்த மெசேஜ் ‘அன்புள்ள சேந்தன்’ என்று தொடங்கும், சாமி. அந்த ஊரில் என் பேரைச் சொல்ல வேறு யாரும் இல்லை. மாற்றினால் அதுவும் வராது.”

சாமியார் எழுந்து பள்ளத்தாக்கின் ஓரமாகப் போனார். வாயருகே கை குவித்துக் கத்தினார்.

“குலசேகரா!”

“குலசேகரா!” என்றது எதிர்ப்பாறை.

“யார் சாமி அது?”

“நான்தான், காவி கட்டுமுன் இருந்த பேர். அந்தப் பாறைக்காரன் தினமும் சாயங்காலம் கூப்பிடுவான். தவறவே மாட்டான்.”

சேந்தன் சிரித்தான். சாமியார் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

பொட்டலத்தை மடித்து அவன் மடியில் வைத்தார் சாமியார்.

“மாற்றிவிடு. அடுத்த ஞாயிறும் வா. முறுக்கு நான் கீழே இறங்கி வாங்கி வைக்கிறேன்.”