தொட்ட குழியும் பார்த்த குழியும்

ஒரு காட்டில், ஆற்றங்கரை மேட்டில், அகலமான பாறை ஒன்று இருந்தது. அதில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குடியிருக்க ஒரே வளைக்கு இரண்டு விலங்குகள் ஆசைப்பட்டால் அந்தக் காட்டில் யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள். பாறைக்கு வந்து, குழிகளில் புளியங்கொட்டையைப் போட்டுப் பல்லாங்குழி ஆடுவார்கள். ஜெயித்தவருக்கு வளை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் எறும்பு தின்று பிழைக்கும் ஒரு தாய் அலுங்கு பாறைக்கு வந்தது. உடம்பெல்லாம் செதில், வால்மேல் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. அலுங்குக்குக் கண் மங்கல். எதிரே நிற்பது மரமா மாடா என்றே தெரியாது. கடவுள் அதற்குக் கண்ணில் குறைத்ததை மூக்கிலும் நகத்திலும் கூட்டி வைத்திருந்தார். நகத்தால் தடவினால், மணலில் எறும்பு போன தடம்கூட அதற்குத் தெரிந்துவிடும்.

பள்ளத்தில் இருந்த அதன் வளையில் போன மழைக்கே தண்ணீர் புகுந்துவிட்டது. மேட்டு மருத மரத்தடி வளை கிடைக்காவிட்டால் இந்த மழையில் குட்டி பிழைக்காது. அதே வளையை முள்ளம்பன்றியும் கேட்டது.

"அலுங்குகள் ஆட வந்து நான் பார்த்ததே இல்லையே," என்றது நடுவராக இருந்த மந்தி. "உங்களுக்கு ஆட்டத்தில் விருப்பம் கிடையாது என்றல்லவா நினைத்தோம்."

"விருப்பம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை," என்றது அலுங்கு.

முதல் கை முள்ளம்பன்றிக்கு. அது ஆடி முடித்தபோது எந்தக் குழியில் எத்தனை காய் என்பதே மாறிப்போயிருந்தது. அலுங்கு தன் பக்கத்துக் குழிகளைத் தடவ நகத்தை நீட்டியது.

"நில்," என்று முள்ளைச் சிலுப்பியது முள்ளம்பன்றி. "முதலில் தொட்ட குழியைத்தான் எடுத்து ஆட வேண்டும். இது பாறைச் சட்டம்."

"தொடாமல் எனக்கு எப்படித் தெரியும், அண்ணே?"

"அது உன் பாடு. எனக்கும் அதே சட்டம்தான்."

மந்தி தலையைச் சொறிந்தது. "சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே, அக்கா. வேண்டுமானால் உனக்குப் பதிலாக, இங்கே வேடிக்கை பார்க்கிற முயல் ஆடட்டும்."

"முயல் ஆடினால் முயல் அல்லவா ஜெயிக்கும்? ஆட வந்தவள் நான்."

மரத்தில் இருந்த மைனாக்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வீட்டுக்குப் போ அக்கா, எறும்பு ஆறிப்போகும்," என்றன.

அலுங்குக்குப் பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அன்று அது சுருளவில்லை. மனசுக்குள் 'கூட நில்லப்பா' என்று கடவுளிடம் ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சரி. சட்டம் ஒன்றாகவே இருக்கட்டும். நான் பார்ப்பது நகத்தால், அண்ணன் பார்ப்பது கண்ணால். முதலில் என் நகம் பட்ட குழியை நான் எடுக்கிறேன். முதலில் தன் கண் பட்ட குழியை அண்ணன் எடுக்கட்டும். எந்தக் குழி என்று மைனாக்கள் சொல்லட்டும்."

"இவ்வளவுதானா? ஆகட்டும்," என்றது முள்ளம்பன்றி. மந்தியும் தலையாட்டியது.

அலுங்கு நகம் பட்ட முதல் குழியை எடுத்து ஆடி முடித்தது. முள்ளம்பன்றி கண்ணைத் தாழ்த்தியது.

"மூன்றாவது குழி," என்றன மைனாக்கள்.

அதில் இருந்தது ஒரே காய். அதை வைத்து ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த முறை முள்ளம்பன்றி வானத்தைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் யோசித்தது. கழுத்து வலித்துக் குனிந்ததுதான் தாமதம்.

"ஆறாவது குழி."

"அது காலிக் குழியடா," என்றது முள்ளம்பன்றி.

"நாங்களா பார்க்கச் சொன்னோம், அண்ணே?"

மூன்றாவது முறை முள்ளம்பன்றி கண்ணை இறுக மூடிக்கொண்டது. மெல்லக் கையை நீட்டி ஒரு குழியைத் துழாவியது. காய் குறைவாக இருக்கவே, அடுத்த குழிக்குக் கையைக் கொண்டுபோனது.

"முதல் குழியைத் தொட்டுவிட்டாய். அதைத்தான் எடுக்க வேண்டும்," என்றது மந்தி.

"தொடாமல் எனக்கு எப்படித் தெரியும்?" என்று சீறியது முள்ளம்பன்றி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அதன் காதிலேயே விழுந்தது.

"அதைத்தான் அண்ணே நான் காலையிலிருந்து கேட்கிறேன்," என்றது அலுங்கு.

முள்ளம்பன்றிக்கு முகம் சுருங்கிவிட்டது. "சரி, சரி. வளையை நீயே வைத்துக்கொள். குட்டிக்காரி, பாவம்."

"பாவம் பார்த்துக் கொடுத்தது, பாவம் தீர்ந்ததும் கையை விட்டுப் போய்விடும். எனக்குப் பிச்சை வேண்டாம். காயை முதலிலிருந்து போடு."

மந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு சொன்னது: "இனிமேல் கண்ணால் பார்க்கலாம், கையால் தடவலாம், எத்தனை தரம் வேண்டுமானாலும். குழியை விட்டுக் காயைத் தூக்கினால்தான் ஆட்டம்."

மறுபடியும் ஆடினார்கள். முள்ளம்பன்றி லேசுப்பட்ட ஆட்டக்காரன் இல்லை. உச்சிப்பொழுது வரை அதன் கையே ஓங்கியிருந்தது. அலுங்கு ஒவ்வொரு முறையும் பதினான்கு குழிகளையும் நிதானமாகத் தடவி எண்ணியது.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று முனகியது முள்ளம்பன்றி.

"நீ யோசித்தபோது நான் கேட்டேனா?" என்றது அலுங்கு.

உச்சிக்குப் பிறகு ஆட்டம் திரும்பி, அலுங்கிடம் காய் சேரத் தொடங்கியது. வெயில் சாயும் நேரத்தில் அது ஐந்தாவது குழியின் காய்களைத் தூக்கியது. ஒவ்வொன்றாகப் போட்டு வந்து, கடைசிக் காயையும் போட்டது. அதற்கு அடுத்த குழி காலி. காலிக் குழியைத் துடைத்தால் அதற்கடுத்த குழியில் உள்ளதெல்லாம் துடைத்தவருக்கு. அங்கே பதினாறு காய்கள் குவிந்து கிடந்தன. அலுங்கு இரண்டு கையாலும் வாரிக்கொண்டது. முள்ளம்பன்றியிடம் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு குழி நிரப்பக்கூடக் காய் மிஞ்சவில்லை; வளை அலுங்குக்கு என்று ஆனது.

"நல்ல ஆட்டம்," என்றது முள்ளம்பன்றி. மனசில்லாமல்தான் சொன்னது. "அடுத்த மழைக்கும் அந்த வளையைக் கேட்பேன்."

"கேள். நானும் ஆட வருவேன்," என்றது அலுங்கு.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. மருத மரத்தடி வளையில் குட்டி நனையாமல் தூங்கியது.

நீதி: எல்லோரும் ஆட முடிகிற சட்டமே எல்லோருக்கும் பொதுவான சட்டம்.