நின்றுபோன வம்ச வாசிப்பு

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் புங்கன்விளை என்று ஓர் ஊர். அங்கே முதலில் கிறிஸ்தவரானவர் மாசில்லாமணி. கோயிலுக்கு இடம் கொடுத்தவரும் அவரே. பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில், வேதாகமத்தில் ஆபிரகாம் முதல் இயேசு வரை வரும் வம்ச வரலாற்றைத் தம் வம்சத்தாரே வாசிக்க வேண்டும். தகப்பனுக்குப் பின் மகன். சபை ஒப்புக்கொண்டது.

நான்காம் தலைமுறையில் வாசித்து வந்த ஞானாபரணத்துக்குப் பிள்ளை இல்லை. சந்தையில் யாரோ விட்டுப்போன குழந்தையை எடுத்து வந்தார். ஞானஸ்நானத் தொட்டியருகே குருவானவர் பெயர் கேட்டபோது, "பாக்கியநாதன், என் மகன்" என்று அவரே சொன்னார். சாகும்போது, "இனி நீ வாசி" என்றார்.

அவர் தம்பி மகன் அருமைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. அடக்கம் முடிந்த கையோடு கல்லறைத் தோட்ட வாசலிலேயே பாக்கியநாதனை மறித்துக்கொண்டான்.

"ஏல, ஒன்னப் பெத்தவ யாருன்னு ஒனக்கே தெரியாது. நீ வம்ச வரலாறு வாசிக்கப் போறியோ?"

"அப்பா வாசிக்கச் சொன்னாவ அண்ணே."

"யாருக்கு யாருல அப்பா? பெத்தாத்தான் பிள்ளை. ரத்தம் நின்ன எடத்துல வம்சமும் நின்னு போச்சு. ஒனக்கு வாசிக்கணும்னா சந்தைக்குப் போ."

பங்காளிகள் சிரித்தார்கள்.

வாசிப்பை இழந்தால், செத்தவருக்குத் தான் மகனே இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும். பாக்கியநாதன் குருவானவரிடம் போனான். அவர் சண்டைக்குப் பயந்தவர். "ரத்தம்தான் வம்சம்னு எல்லாரும் சொல்றாங்க, தம்பி" என்று வாசிப்பை அருமைநாயகத்துக்கே கொடுத்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் அருமைநாயகம் சரிகை வேட்டியோடு வாசிப்பு மேடை ஏறினான். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று வரும் இடமெல்லாம், "பெற்றான்" என்பதைப் பாக்கியநாதனைப் பார்த்தே அழுத்தினான். யாக்கோபு யோசேப்பைப் பெற்ற இடம் வந்தது. பாக்கியநாதன் எழுந்தான்.

"அண்ணே, ஒங்க நியாயப்படி அதோட நிறுத்துங்க."

அருமைநாயகம் அடுத்திருந்த வரியைப் பார்த்தான். அங்கே "பெற்றான்" என்ற சொல் இல்லை. மேடையை விட்டு இறங்கி, "நீ வெளங்கவே மாட்டல" என்று சொல்லிவிட்டு வெளியேறினான். இயேசுவின் பெயர் மட்டும் வாசிக்கப்படாமல் நின்றது.

கேட்டவர்களே, இப்போது சொல்லுங்கள். மிச்சத்தை வாசிக்க உரியவர் யார்? அருமைநாயகமா, குருவானவரா, பாக்கியநாதனா?

விடை: பாக்கியநாதன். இயேசுவை யோசேப்பு பெறவில்லை, மரியாள் பெற்றாள். ரத்தம்தான் வம்சம் என்றால், அத்தனை பெயரும் யோசேப்பு என்ற தச்சனோடு முடிந்து, இயேசுவைத் தொடாமலே நின்றுபோகும். யோசேப்பு குழந்தைக்குப் பெயரிட்டுத் தன் பிள்ளையாக ஏற்றதால்தான் இயேசு அந்த வரிசையில் உள்ள தாவீது ராஜாவின் வம்சத்தில் வந்தார். தொட்டியருகே ஞானாபரணம் செய்ததும் அதையே. அன்று பாக்கியநாதன்தான் வாசித்து முடித்தான். அருமைநாயகம் வீட்டார் அதன்பின் அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போனார்கள். அங்கேயும் கிறிஸ்துமஸுக்கு அதே வேதாகம அதிகாரத்தைத்தான் வாசித்தார்கள்.