அஞ்சுகம் வைத்த பொட்டு

அஞ்சுகமும் வடிவும் இரட்டைப் பிறவிகள். அச்சு அசல் ஒரே முகம், ஒரே உயரம். சிலம்பம் பழக வந்தபோது ஆசானும் ஒரே மூங்கிலில் வெட்டித்தான் ஆளுக்கொரு கம்பு கொடுத்தார்.

அங்கே கம்பு நுனியில் சாந்து தடவி ஆடுவார்கள். எதிராளி மேல் பொட்டு வைத்தவருக்கே வெற்றி. இவர்கள் இருவரும் மோதினால் மட்டும் பொட்டே விழாது. பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

திருவிழாப் போட்டிக்கு முந்தின நாள் காலை, அஞ்சுகம் ஆசான் முன்னால் வந்து நின்றாள்.

“நாளைக்கு நான் ஆடலை ஆசானே.”

“ஏன்?”

“நான் ஜெயிச்சாலும் வடிவு ஜெயிச்சாலும் ஒண்ணுதானாம். ஊரே சொல்லுது. அவ சுத்துறதைத்தான் நானும் சுத்துறேன். அப்புறம் நான் எதுக்கு?”

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஆசான் வடிவையும் கூப்பிட்டார்.

“ரெண்டு பேரும் கம்பை மாத்திக்கிட்டு ஆடுங்க.”

அடேயப்பா, அது ஆட்டமா, கூத்து! அஞ்சுகத்தின் கையிலிருந்து கம்பு நழுவி விழுந்தது. வடிவு தன் முழங்காலிலேயே அடித்துக்கொண்டாள்.

“என்னடி கம்பு இது! பிடிக்கவே வரலை. நடுவுல இப்படித் தேஞ்சு கிடக்கு?” என்றாள் வடிவு.

“நான் அங்கதானே பிடிப்பேன். நீ?”

“நான் அடியில.”

இருவரும் கம்புகளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இப்ப அவங்கவங்க கம்பை எடுங்க,” என்றார் ஆசான்.

எப்போதும் வடிவைப் பார்த்துப் பார்த்து அவளைப் போலவே சுழற்றுகிற அஞ்சுகம், அன்று அப்படிச் செய்யவில்லை. நடுவில் பிடிக்கிற கைக்கு நெருங்கி ஆடத்தான் தோது. தன் கை போன போக்கில் விட்டாள். வடிவு அடியில் பிடித்து வீசிய வீச்சுக்குக் குனிந்து, சட்டென்று உள்ளே புகுந்தாள்.

வடிவின் தோளில் சாந்துப் பொட்டு!

“வச்சுட்டா! எனக்கே பொட்டு வச்சுட்டா!” தோற்றவள்தான் அப்படிக் கத்தினாள். கத்திக்கொண்டே அஞ்சுகத்தைத் தூக்கிச் சுற்றினாள்.

கீழே இறங்கியதும் அஞ்சுகத்துக்கு மூச்சு வாங்கியது. சந்தோஷத்தோடு ஒரு புதுப் பயமும் வந்தது.

“ஆசானே, நாளைக்கு இவ என்னைத் தோக்கடிச்சுட்டா?”

ஆசான் சிரித்தார்.

“தோக்கடிக்கட்டுமே. தோக்குறதுக்கும் தனியா ஒருத்தி வேணும்ல? அந்த ஒருத்தி இன்னைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கா.”