ஓடிக்கொண்டிருந்த ராட்டை

படை ஊருக்குள் நுழைந்துவிட்டது என்ற சேதி வந்தபோது நாச்சியார் நூற்றுக்கொண்டிருந்தாள். கணவனை இழந்தவள். நூல் நூற்றுத்தான் வயிறு கழுவினாள். நூற்றபடியே அவள் சொல்லும் நாலு நல்ல வார்த்தைக்காக வந்து உட்காருகிறவர்கள் உண்டு. செம்பாயி அதில் ஒருத்தி. வயதில் மூத்தவள்தான், ஆனாலும் நாச்சியாரைக் குருவாகவே நினைத்தாள். வாய்நிறையத் தாயே என்பாள்.

அன்று தன் ஒரே மகன் காத்தானை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"தாயே, சுமை தூக்க ஆள் பிடிக்கிறாங்க! போன தடவை கொண்டுபோனவங்கள்ல ஒருத்தனும் திரும்பலையே!"

நாச்சியார் மூலையில் குவிந்திருந்த பஞ்சைக் காட்டினாள். காத்தான் உள்ளே புகுந்தான். இருவரும் மேலே அள்ளிப் போட்டு மூடினார்கள். மூடிய பிறகுதான் தப்பு புரிந்தது. பஞ்சுத் தூசி மூக்கில் ஏறினால் யாருக்குத்தான் இருமல் வராது? உள்ளேயிருந்து முதல் இருமல் கேட்டது. வேறு இடம் தேட நேரமில்லை. தெருமுனையில் குதிரைக் குளம்படி.

"உட்காருங்க அக்கா. அங்க இருக்கிற இன்னொரு ராட்டையைச் சுத்துங்க. சத்தம் நிக்கக் கூடாது."

செம்பாயி உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றினாள். இழை அறுந்தது. ஒட்டினாள். மறுபடி அறுந்தது.

இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் ஈட்டி.

"ஆம்பளை எவனாவது இருக்கானா?"

"நாங்க ரெண்டு பொம்பளைங்கதான்" என்றாள் நாச்சியார். கை நிற்கவில்லை.

"முதல்ல அதை நிறுத்து! காதைத் துளைக்குது."

"உங்க கூடாரத் துணிக்குத்தான் நூல் கேட்டிருக்காங்க. நீங்க நிறுத்தச் சொன்னீங்கன்னு உங்க தலைவர்கிட்ட சொல்லிடவா?"

ஈட்டிக்காரன் முறைத்தான். நேரே போய்ப் பஞ்சுக் குவியலில் ஓங்கிச் செருகினான்.

செம்பாயிக்கு உயிரே போய்விட்டது. கத்தவும் முடியவில்லை, சுற்றவும் முடியவில்லை. அவள் ராட்டை நின்றேவிட்டது. நாச்சியாருடையது இன்னும் வேகமாக ஓடியது.

ஈட்டி வெளியே வந்தது. நுனியில் வெள்ளைப் பஞ்சு மட்டும் ஒட்டியிருந்தது.

"சரி வாடா, அடுத்த வீட்டைப் பார்ப்போம்."

குளம்படி தேய்ந்து ஓய்ந்தது. செம்பாயி மகனை வெளியே இழுத்துத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது தீர்ந்த பிறகு குருவின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் குலையே நடுங்கிப்போச்சு. உங்களுக்குக் கொஞ்சம்கூடப் பயம் வரலையே தாயே! அது எப்படி?"

நாச்சியார் இடது கையை விரித்தாள். பிடித்திருந்த பஞ்சு வியர்வையில் நனைந்து கட்டியாகிக் கிடந்தது.

"குதிரைச் சத்தம் கேட்டதுமே என் இழை அறுந்துபோச்சு அக்கா. ஒட்டக் கை வரல. அப்போலருந்து வெறும் சக்கரத்தைத்தான் சுத்திக்கிட்டிருந்தேன்."