தவசிமணி கிண்டிய கடலை மிட்டாய்

குறுக்கோடைப்பட்டியில் முட்டாள்களே கிடையாது. சந்தேகம் இருந்தால் அந்த ஊர்க்காரர்களையே கேட்டுப் பார்க்கலாம். கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்படித்தான் சொல்வார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஊர் அது. சொல்லாததைச் செய்கிற கெட்ட பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. இதில் என்ன குறை இருக்க முடியும் என்பது கல்யாணம் ஆகும் வரை தவசிமணிக்கும் விளங்கவில்லை.

அவன் மனைவி பூங்கனி மேலச்சுனைக்காரி. அந்த ஊரில் பாதி சொன்னால் மீதியைத் தாங்களாகவே புரிந்துகொள்வார்களாம். ஒருநாள் சாயங்காலம் அம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்கக் கிளம்பியவள், இருட்டுவதற்குள் கோழிக்கூட்டை மூடிவிடச் சொல்லிவிட்டுப் போனாள். தவசிமணி நல்ல வெளிச்சம் இருக்கும்போதே மூடிக் கொக்கியும் மாட்டிவிட்டான். கோழிகள் எல்லாம் அப்போது குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்தன. இருட்டியதும் அவை வந்து கூட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று தவசிமணி அவற்றுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னான். விடிந்து பார்த்தால் முற்றமெல்லாம் இறகு. காட்டுப்பூனை ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. கூட்டுக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.

காலையில் திரும்பி வந்த பூங்கனி அழவுமில்லை, ஏசவுமில்லை. துணிமணியை எடுத்துப் பையில் வைத்தாள்.

“எதையும் மூடுறதுக்கு முந்தி, உள்ள இருக்க வேண்டியது உள்ள இருக்கான்னு பாக்க வேண்டாமா?” என்றாள்.

“நீ அதைச் சொல்லலையே.”

“இப்ப சொல்லுதேன். இன்னொண்ணும் சொல்லுதேன். வீட்டைப் பூட்டினா சாவியைக் கண்ட இடத்துல போடாம, யார் கையும் படாத இடமாப் பாத்து வைங்க. வெள்ளிக்கிழமை எங்க ஊர் கோயில்ல பொங்கல். உங்க கையால ஒரு தட்டு கடலை மிட்டாய் செஞ்சு எடுத்துட்டு வாங்க. ஒரு வேலையாவது முழுசாச் செஞ்சு காட்டுனா உங்ககூட வாறேன். இல்லைன்னா அங்கயே இருந்துக்கிடுதேன்.”

கடலை மிட்டாய் என்றால் பூங்கனிக்கு உயிர். பூங்கனி என்றால் தவசிமணிக்கு உயிர். அவள் போன பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி அவள் பாயை விரித்து, அது காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமை தவறினால் தன் கதி அதோகதிதான் என்று அவனுக்கே தெரிந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுக்க அவனுக்கு மூன்று பேர் இருந்தார்கள். கூத்தையா வயதில் மூத்தவர். எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசிப்பார் என்பதால் ஊரில் பெரிய அறிவாளி என்று பெயர். அரசப்பனுக்குச் சந்தேகம் வராத விஷயமே கிடையாது. மொக்கைச்சாமி கட்டுமஸ்தான ஆள். ஒரு வேலையில் கை வைத்துவிட்டால், போதும் என்று சொல்லும் வரை நிறுத்த மாட்டான். மழைநீர் போக ஒரு வாய்க்கால் வெட்டச் சொல்லிவிட்டு மறந்துபோய், அவனைப் பக்கத்து ஊர் எல்லையில் போய்ப் பிடித்து வந்த கதை உண்டு.

நால்வருமாகச் சீனியம்மாவிடம் போனார்கள். தெருக்கோடியில் மிட்டாய் போட்டு விற்கிறவள் அவள். முதலில் கடலையை வறுக்க வேண்டும், ஒன்றை எடுத்துத் தின்று பார்த்தால் வறுபட்டது தெரிந்துவிடும், பிறகு தேய்த்துத் தோலை ஊதிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

வியாழக்கிழமை தவசிமணி வீட்டில் வறுத்தார்கள். தெருவே மணந்தது. கூத்தையா ஒரு கடலையை வாயில் போட்டு, கண்ணை மூடி, நிதானமாக மென்றார்.

“வறுபட்டுட்டு,” என்றார்.

“நீங்க தின்ன கடலை வறுபட்டுட்டு அண்ணாச்சி, சரி,” என்றான் அரசப்பன். “தின்னாத கடலையைப் பத்தி நமக்கு என்ன தெரியும்?”

கூத்தையா மறுபடியும் கண்ணை மூடினார். “நியாயமான கேள்வி,” என்றார். “ஒருத்தன் நல்லவன்னா அவன் பக்கத்து வீட்டுக்காரனும் நல்லவன்னு சொல்லிட முடியாதுல்லா.”

எனவே பக்கத்துக் கடலையைத் தின்று பார்த்தார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கும் ஒரு பக்கத்துக் கடலை இருந்தது. தவசிமணிக்கு உள்ளூர ஏதோ உறுத்தியது. பூங்கனி வாய்க்குள் ஒரு பச்சைக் கடலை போய்விடக் கூடாதே என்ற கவலையில் அவனும் கைநிறைய அள்ளிச் சோதித்தான். வெயில் சாய்கிற நேரத்தில் கடைசிக் கடலையையும் மென்று விழுங்கிவிட்டு, அத்தனையும் பதமாக வறுபட்டிருக்கிறது, குறை சொல்ல ஒன்றுகூட இல்லை என்று கூத்தையா அறிவித்தார். எல்லோருக்கும் சந்தோஷம். சட்டிக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் தவசிமணி தலையில் கை வைத்தான்.

மறுபடி கடலை வாங்கி வந்தான். இந்த முறை நால்வரும் வாயைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு வறுத்தார்கள். ஒரு கடலை குறையவில்லை. தோலை ஊத வேண்டிய கட்டம் வந்தபோதுதான் சிக்கல். துண்டை அவிழ்க்கத் தவசிமணி விடவில்லை. கட்டிய வாயோடு கன்னம் வலிக்க ஊதிப் பார்த்ததில் அவர்கள் கண்களில் தண்ணீர் வந்ததே தவிர, தோல் இருந்த இடத்திலேயே இருந்தது. தோலோடு தின்றால் உடம்புக்கு நல்லது என்று கூத்தையா துண்டுக்குள்ளிருந்து சொன்னது பிற்பாடுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சீனியம்மாவே இரக்கப்பட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தாள். சட்டியில் வெல்லத்தைப் போட்டுத் தண்ணீர் விட்டாள். நீளமான மரத் துடுப்பை மொக்கைச்சாமி கையில் கொடுத்தாள்.

“அடி பிடிக்கப்படாது. நான் வந்து போதும்னு சொல்லுத வரைக்கும் கை ஓயாம கிண்டிக்கிட்டே இரு,” என்று அவனிடம் சொன்னாள். மற்றவர்களிடம், பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, கையால் உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும், அதுதான் பதம், அப்போது கடலையைக் கொட்டிக் கலந்து தட்டில் பரப்பிவிடுங்கள், ஆறும்வரை ஒருவரும் தொடக் கூடாது என்று சொன்னாள். மேலச்சுனைப் பொங்கலுக்கு மிட்டாய் கேட்டு அவள் கடையில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. அவசரமாகப் போனவள் அந்தக் கூட்டத்தில் இவர்களைச் சுத்தமாக மறந்துவிட்டாள்.

மொக்கைச்சாமி கிண்டினான். பாகு நுரைத்து வந்ததும் அரசப்பன் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு ஓட்டமாய் ஓடிக் கிணற்றில் விட்டான். பெரிய தண்ணீராக இருந்தால் சோதனையும் பெரிதாக இருக்கும் என்பது அவன் எண்ணம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, அது உருண்டு மேலே வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். வரவில்லை. இன்னொரு சொட்டு விட்டான். அதுவும் வரவில்லை. ஆளைக் காணோமே என்று தவசிமணி போய்ப் பார்த்து, கிண்ணத்துத் தண்ணீரும் தண்ணீர்தான் என்று அவனுக்குப் புரியவைத்து அழைத்து வருவதற்குள் அடுப்பில் பாகு கறுக்க ஆரம்பித்திருந்தது.

அடுத்தது சத்தம். கூத்தையாவின் காதுகள் பெரியவை என்பதால் கேட்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். தட்டைச் சரிபார்க்க அவர் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். ‘டங்’ என்றது.

“தட்டுக்குப் பதம் வந்துட்டு,” என்றார் கூத்தையா. “பாகுதான் பாக்கி.”

“பாகே போடாம தட்டுக்கு எப்படி பதம் வரும் அண்ணாச்சி?”

“அது நல்ல தட்டுல்லா.”

பாகை உருட்டிப் போட்டார்கள். ‘டொக்’ என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டார்கள். அது ‘டக்’ என்று அரசப்பனும், ‘டக்’குக்கும் ‘டங்’குக்கும் நடுவில் என்று கூத்தையாவும் வாதாடினார்கள். அந்த வாதம் முடிவதற்குள் பாகு முற்றி இரும்பாகிக்கொண்டிருந்தது. அடுத்த உருண்டையைத் தவசிமணி பொறுமை இழந்து ஓங்கிப் போட்டான். அது தட்டில் பட்டுத் துள்ளிக் கூத்தையாவின் நெற்றியில் போய் மோதியது.

“டங்னு கேட்டுட்டு,” என்றார் அவர், நெற்றியைத் தடவிக்கொண்டே.

கடலையைக் கொட்டினார்கள். மொக்கைச்சாமி துடுப்பை நிறுத்தவில்லை. சீனியம்மா வந்து சொல்லவில்லையே. அவனை நிறுத்தச் சொல்ல மற்றவர்களுக்கும் உரிமை இல்லை. ஆகையால் சுற்றிச் சுற்றி வரும் துடுப்புக்கு வழிவிட்டு, இடை இடையே தேங்காய்ச் சிரட்டையை விட்டு அள்ளி அள்ளித் தட்டில் போட்டார்கள். சட்டியைச் சுரண்டி முடிக்கும்போது மூன்று பேர் கையிலும் அடி பட்டிருந்தது.

பொழுது ஏறிவிட்டது. மேலச்சுனைக்கு நடந்தாக வேண்டும். தவசிமணி வெளுத்த வேட்டி கட்டி, மிட்டாய்த் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கதவை மூடப் போனவன் சட்டென்று நின்றான். பூங்கனி சொன்னது நினைவுக்கு வந்தது. திரும்பி உள்ளே பார்த்தான். உள்ளே இருக்க வேண்டியது உள்ளே இருந்தது. மனநிறைவோடு பூட்டை அமுக்கினான். அடுத்து, சாவி. யார் கையும் படாத இடம் வேண்டும். ஆறும்வரை ஒருவரும் தொடக் கூடாதது அவன் கையிலேயே இருந்தது. சூட்டில் இன்னும் இளகிக் கிடந்த மிட்டாயின் நடுவில் சாவியைச் செருகி, மேலே நான்கு கடலையை வைத்து அமுக்கினான். இத்தனை நாளில் முதல் தடவையாகத் தானும் ஒரு கெட்டிக்காரன்தான் என்று அவனுக்குப் பட்டது.

கூத்தையாவும் அரசப்பனும் கூட வந்தார்கள். மொக்கைச்சாமி வரவில்லை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவன் இல்லை அவன்.

மேலச்சுனையில் பொங்கல் பொங்கி முடிந்திருந்தது. தட்டைப் பார்த்ததும் பூங்கனியின் முகம் ஒரு கணம் இளகியது. ஒரு ஓரத்தைக் கடித்துப் பார்த்தாள். பல்தான் கூசியது. அவள் அம்மா கத்தியால் வெட்டிப் பார்த்தாள், கத்தி வளைந்தது. மிட்டாய் தட்டோடு ஒரே பாளமாக, கருங்கல்லாக உட்கார்ந்திருந்தது. பூங்கனி அதை விரலால் சுண்டினாள். ‘டங்’ என்று கோயில் மணி மாதிரி கேட்டது.

“பதம் சரியா இருக்குல்லா?” என்று கேட்டான் தவசிமணி. “ஒரு கடலையைக்கூட நாங்க திங்கல பூங்கனி. வாயைக் கட்டிக்கிட்டுல்லா செஞ்சோம். நீ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியல.”

அவன் புறங்கையில் துடுப்படி பட்டுக் கன்றியிருந்ததை அவள் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனிதனைத் தனியாக விட்டுவைத்தால் உருப்படாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டு வாசலில் வந்து சாவி கேட்டாள். அவன் தட்டை நீட்டினான். விஷயம் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஒரு பெரிய கல்லைத் தூக்கி வந்து தட்டின் மேல் போட்டாள். பாளம் உடைந்து நாலாபக்கமும் சிதறியது. சாவி வந்தது. வாயில் போட்ட சில்லு, தோலோடு இருந்தாலும், ருசியாகத்தான் இருந்தது. கூத்தையாவும் அரசப்பனும் மீதிச் சில்லுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்று இனித்தால் பக்கத்தில் கிடப்பதும் இனிக்கும் என்று சொல்லிவிட முடியாதே.

பூங்கனி கதவைத் திறந்தாள். அடுப்பு அணைந்து சாம்பலாகியிருந்தது. காலிச் சட்டியின் முன்னால் மொக்கைச்சாமி வேர்த்து வடிய நின்று கிண்டிக்கொண்டிருந்தான். நீளத் துடுப்பு தேய்ந்து தேய்ந்து அகப்பை அளவுக்கு வந்திருந்தது.

“சீனியம்மா வந்தாச்சா மதினி?” என்றான் அவன்.

பூங்கனி புருஷனைப் பார்த்தாள். “ஆளை உள்ள வச்சா பூட்டினீங்க?”

“நீ சொன்னபடிதான். உள்ள இருக்கானான்னு பாத்துட்டுத்தான் பூட்டினேன்.”

நிறுத்தச் சொல்லி அவள் கெஞ்சினாள், மிரட்டினாள். சீனியம்மா அல்லவா சொல்ல வேண்டும் என்று மொக்கைச்சாமி பணிவாகச் சொல்லிவிட்டுக் கிண்டினான். முடிவில், சுவரோரம் உட்கார்ந்துவிட்ட பூங்கனி, ஓடிப்போய்ச் சீனியம்மாவை உடனே கூட்டிவரச் சொல்லிப் புருஷனை அனுப்பினாள்.

தவசிமணி ஓடினான். வாசலைத் தாண்டியவன் நின்று திரும்பினான். இனி ஒரு தப்பு நடக்கக் கூடாது. உள்ளே பார்த்தான். மொக்கைச்சாமி இருந்தான். பூங்கனி இருந்தாள். கோபித்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து, அவன் வீட்டுக்குள் அவன் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கதவை மெல்லச் சாத்தி, சாவியோடு தொங்கிய பூட்டை அமுக்கிச் சாவியை உருவிக்கொண்டான்.

மிட்டாய்தான் உடைந்துவிட்டதே, சாவியை எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்தான். உலகத்தில் அவன் நம்புகிற ஆள் ஒருத்திதான். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, சாவியைப் பூங்கனியிடமே பத்திரமாகக் கொடுத்துவிட்டுச் சீனியம்மாவைத் தேடி ஓடினான்.