பத்து மழை தாங்கும் பூச்சு

அந்த மலையூரில் வெயிலைப் பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு என்கிறார்கள். நம்ப வேண்டியதில்லை. குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பூசைக்குப் போனால், திரும்பி வருவதற்குள் கைப்பிடியில் காளான் முளைத்திருக்கும். ஒரு வருஷம் உபதேசியாரின் மீசையிலேயே பாசி பிடித்துவிட்டது. பங்குச் சாமியார்தான் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து மீசையை மீட்டார். உபதேசியாரைக் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்.

அப்படிப்பட்ட மழை கல்லறைத் தோட்டத்தை மட்டும் விட்டுவைக்குமா? ஒரு கல்லைச் சாய்க்கும், ஒன்றைப் பிளக்கும், ஒன்றில் பெயரையே நக்கித் தின்னும். சாய்ந்ததை நிமிர்த்துவதும் பிளந்ததை ஒட்டுவதும் அமலோற்பவத்தின் வேலை. நாற்பது வயது. வாயில் வெற்றிலை, கையில் கொத்துக் கரண்டி. ஊருக்கு அவர் மேஸ்திரியம்மா.

சீடராக வந்து சேர்ந்தவருக்கு அறுபத்து மூன்று. பெயர் சூசைநாதன். ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன் மனைவி பிரகாசி இறந்தபோது, சமாதியின் மேல் கல்லைத் தன் கையாலேயே பதித்தவர். மூன்றாவது மழையில் கல் குறுக்கே இரண்டாகப் பிளந்தது.

"ஒண்ணுக்கு ரெண்டு மூட்டை சிமெண்ட்டு போட்டேன், மேஸ்திரியம்மா. நான் கட்டின பாலத்து மேல யானைக் கூட்டம் நடந்திருக்கு. ஒரு கீறல் விழல."

"இங்க யானையைப் புதைக்கல, அண்ணே."

"பின்ன ஏன் உடைஞ்சுது?"

"உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழியில்ல. உங்க பூச்சு இரும்பு. அது அசையல. மணல்கல்லு என்ன பண்ணும், பாவம். உடைஞ்சுது."

"நானே சரி பண்ணணும். கத்துக்குடுங்க."

அமலோற்பவம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு தேங்காய் நாரை எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஆடி முழுக்கப் பாசி தேய்த்தார் சூசைநாதன். கம்பித் தூரிகையை எடுத்தபோது மட்டும் கரண்டியின் பிடியால் முழங்கையில் ஒரு தட்டு விழுந்தது. ஆவணியில் சுண்ணாம்பு குழைத்தார். பானையில் தண்ணீருக்கடியில் ஆறு மாசம் ஊறிய சுண்ணாம்பு. அதில் ஆற்று மணல், கடுக்காய்த் தண்ணீர், கொஞ்சம் கருப்பட்டி. கருப்பட்டி வாசத்துக்கு அட்டைப்பூச்சிகள்கூட இரத்தம் குடிப்பதை விட்டுவிட்டு வரிசையில் வந்து நின்றன என்பார்கள். நாலு கம்பு நட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, அதற்குக் கீழே குந்தி உட்கார்ந்து வேலை. ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக அவருக்குச் சாப்பாடு ருசித்தது.

ஐப்பசியில் அமலோற்பவம் சொன்னார்: "கல்லறைத் திருநாளுக்கு எட்டு நாள் இருக்கு. உங்க வீட்டுக்காரம்மா கல்லை எடுங்க."

பழைய சிமெண்ட்டைக் கொத்தி எடுத்தார்கள். கல்லின் இரண்டு துண்டுகளையும் தூக்கி, கழுவி, ஓரம் காயவைத்தார்கள்.

"இந்தப் பூச்சு எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டார் சூசைநாதன்.

"நம்ம மழைக்குப் பத்து வருஷம்."

"அதுக்கப்புறம்?"

"கரையும். மறுபடி பூசணும்."

மறுநாள் காலையில் அமலோற்பவம் வருவதற்கு முன்பே சூசைநாதன் வந்து, தானே கலவை போட்டு, கல்லைச் சேர்த்து வைத்துப் பூசி முடித்திருந்தார். பூச்சு வழவழவென்று அழகாக இருந்தது.

"கை தேறிடுச்சே!" என்றார் அமலோற்பவம். ஈரச் சாக்கை மேலே போட்டு மூடினார்.

மத்தியானக் கஞ்சி குடித்து முடித்தார்கள். அமலோற்பவம் சாக்கை விலக்கி, பூச்சின்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் இறங்கவில்லை.

"என் சுண்ணாம்பு கஞ்சி குடிக்கிற நேரத்துல இறுகாது. ரெண்டு நாளைக்கு நகம் இறங்கும். எத்தனை பிடி சிமெண்ட்டு போட்டீங்க?"

சூசைநாதன் செருப்பைப் பார்த்தார்.

"எத்தனை பிடி, ஓவர்சீயர்?"

"ரெண்டு... நாலு. சட்டைப் பையில கொண்டாந்தேன்."

"இந்த வயசுல களவு வேற."

அமலோற்பவம் உளியை நீட்டினார். "கொத்துங்க. நாளைக்குன்னா கல்லாயிடும்."

கொத்தினார். பாதி வந்தது. மீதி வரமாட்டேன் என்றது. ஓங்கி ஒன்று போட்டார். சிமெண்ட்டோடு சேர்ந்து கல்லின் ஓரமும் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயர்ந்து கையில் வந்தது. அந்த ஓரத்தில் அவரே செதுக்கச் சொன்ன ரோஜா இலை ஒன்று இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, மேஸ்திரியம்மா. பத்து வருஷம்னா எனக்கு எழுபத்து மூணு. இருப்பேனோ, மாட்டேனோ. அவளைத் தெரியும்ல உங்களுக்கு? மதில் மேல கையை வச்சுட்டு அந்தப் பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் பேச ஆரம்பிச்சா, அடுப்புல குழம்பு தீஞ்சு, பானை தீஞ்சு, அடுப்பே தீஞ்சு போகும். ஒரு நாள் பேச்சுத் துணை இல்லாம இருந்ததில்ல. பதினோராவது மழையில பூச்சு கரைஞ்சா அவளை யாரு வந்து பார்ப்பா? அதான் போட்டேன். நான் இல்லாட்டியும் நிக்கட்டும்னு."

அமலோற்பவம் வெற்றிலையைத் துப்பினார். "எழுந்திரிங்க."

குடையைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்தின் மேல்கோடிக்குக் கூட்டிப் போனார். அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கல். எட்டு மாசத்தில் இறந்துபோன ஒரு வெள்ளைக்காரக் குழந்தையுடையது. பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் ஒன்றே. நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தியது.

அடிப்பாகத்தில், பூச்சு பெயர்ந்திருந்த ஓர் இடத்தைக் காட்டினார். உள்ளே கோடு கோடாகத் தெரிந்தது.

"எண்ணுங்க."

சூசைநாதன் குனிந்து பார்த்தார். மஞ்சளாக ஒரு பூச்சு. அதற்கு மேல் சாம்பல் நிறம். அதற்கு மேல் சிப்பித் துகள் மினுங்குகிற ஒன்று. ஒன்றில் மணல் பெரிது, ஒன்றில் பொடி.

"ஏழு."

"ஏழும் ஏழு கை. கரைஞ்சுபோன பூச்சு கணக்குல இல்ல. அப்பன் ஆத்தா அடுத்த கப்பல்லயே போயிட்டாங்க. இங்க சொந்தம்னு ஒரு காக்கா கிடையாது இந்தப் பிள்ளைக்கு."

"பின்ன யாரு பூசினது?"

"எனக்குத் தெரிஞ்சது கடைசி ரெண்டு பேருதான். ஒருத்தர் கோயிலுக்கு மணி அடிச்சவர். இன்னொருத்தர் பால்காரர். கல்லு சாஞ்சு கிடக்கேன்னு குடத்தை இறக்கி வச்சுட்டு வந்தாராம்."

சூசைநாதன் நிமிர்ந்தார். ஓவர்சீயராக இருந்தவர், அவ்வளவு சுலபத்தில் கையெழுத்துப் போடமாட்டார்.

"இது குழந்தை. பார்த்தா யாருக்கும் மனசு இளகும். அதிர்ஷ்டம் ஏழு தடவை வந்துது. எட்டாவது தடவை வராட்டி? அதிர்ஷ்டத்தை நம்பியா நான் பாலம் கட்டினேன்?"

அமலோற்பவம் இடுப்பிலிருந்த வெட்டுக்கத்தியை உருவி அவரிடம் கொடுத்து, வேலியோரம் இருந்த உண்ணிச்செடிப் புதரைக் காட்டினார். ஓர் ஆள் உயரப் புதர்.

"அதை வெட்டுங்க."

மழையில் நனைந்துகொண்டே வெட்டினார். முள் கிழித்தது. ஒரு கீரி ஓடியது. கொடியை இழுத்து இழுத்துப் போட்டபோது கத்தி எதிலோ பட்டு டங்கென்றது. கையால் விலக்கிப் பார்த்தார்.

கருங்கல். ஆறடி நீளம். நாலு மூலையும் மட்டம் வைத்தது போல நேராக இருந்தது. சுற்றிலும் சிமெண்ட்டு. சூசைநாதன் மண்டியிட்டு இணைப்பு முழுக்க விரலை ஓட்டினார். ஒரு மயிரிழை விரிசல் இல்லை. எழுத்து நேற்று வெட்டியது மாதிரி இருந்தது. எஸ்டேட் பெரிய கணக்கப்பிள்ளையின் கல். வருஷம் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

"ஆஹா!" என்றார். மழையையும் முள்ளையும் மறந்து அவர் முகம் பூத்துவிட்டது. "மேஸ்திரியம்மா, இதுதான் வேலை! முப்பத்தெட்டு மழை! கருங்கல்லுக்குச் சிமெண்ட்டு ஒத்துப்போகுது, பாருங்க! பிள்ளைங்க செஞ்சாங்களா?"

"நாலு பையனுங்க. ஆளனுப்பிக் கல்லு இறக்கிச் செஞ்சாங்க. நல்ல பிள்ளைங்க. மூணு பேரு இந்த ஊர்லதான் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை பூசைக்கு இந்த வேலி வழியாத்தான் போறாங்க."

சூசைநாதன் வேலியைப் பார்த்தார். வெட்டிப் போட்ட புதரைப் பார்த்தார். அது தன் தலைக்கு மேல் எவ்வளவு உயரம் நின்றது என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்போ... வந்து பார்க்கிறதே இல்லையா?"

அமலோற்பவம் குடையை அவர் தலைக்கு மேல் நகர்த்திப் பிடித்தார்.

"எதுக்கு வரணும், அண்ணே? அதுலதான் ஒரு குறையும் இல்லையே."