பட்டத்துக் கம்ப்யூட்டருக்கு வேர்த்த கதை

செண்டலங்காரர் என்று ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், உங்கள் பேரிலும் வரி போட்டுவிடுவார். அவரிடம் பட்டத்து யானை உண்டு, பட்டத்து வாள் உண்டு, கூடவே ஒரு பட்டத்துக் கம்ப்யூட்டரும் உண்டு.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜாவின் பொருள் எதுவும் வெறும் மேனியாக இருக்கக் கூடாது. ஆகவே தினமும் காலையில் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம் பூசி, சாமந்தி மாலை போட்டு, பட்டுச் சால்வை போர்த்தி, அதன் பிறகே சுவிட்சைப் போடுவார்கள். ராஜாவும் அப்படித்தான். சித்திரை வெயிலிலும் கிரீடம், அடுக்கடுக்காகப் பட்டு அங்கி, முழங்கால் வரை மாலை.

ஒருநாள் ராஜா தன் பிறந்தநாள் ஊர்வல வீடியோவை ஆசையாகப் போட்டார். திரையில் யானை ஒரு காலைத் தூக்கியது. தூக்கியதுதான். கீழே வைக்கவே இல்லை.

"என்னய்யா இது? என் யானைக்கு முடக்குவாதமா?" என்று கத்தினார்.

இதற்காகவே காத்திருந்த மந்திரி பிரம்மராயர் பாய்ந்து வந்தார். "யானை மேல் குற்றமில்லை அரசே, கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் பழசு. இப்போது பதினைந்தாம் தலைமுறை வந்திருக்கிறது. அரண்மனை முழுக்க மாற்றிவிடலாம். ஏரிக்கரை கட்ட எடுத்து வைத்த பொன் சும்மாதானே கிடக்கிறது?"

"பதினைந்தாம் தலைமுறையா? என் வம்சத்திலேயே நான் ஏழாவதுதானே!" ராஜாவுக்குப் பொறாமையில் முகம் சிவந்தது. "உடனே வாங்கும்!"

சபையில் தத்தை என்றொரு பெண் இருந்தாள். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவள் உத்தியோகம். ஏரிப் பொன் என்றதும் அவளுக்கே சிரிப்பு போய்விட்டது. அவளுடைய ஊர் அந்த ஏரியை நம்பித்தான் இருந்தது.

"அரசே, பழைய பெட்டியே போதும். நாளை புதுசு ஒன்றை வரவழைத்து இரண்டையும் ஓட்டிப் பார்ப்போம்" என்றாள்.

"தோற்றால்?"

"பொன்னையும் கொடுங்கள், என்னையும் துரத்துங்கள்."

"துரத்த மாட்டேன். மந்திரி எழுதும் கவிதைகளை இனி நீதான் உட்கார்ந்து கேட்க வேண்டும்."

சபையே நடுங்கியது. தத்தை ஏரியை நினைத்துக்கொண்டு சரி என்றாள்.

மறுநாள் புதுப் பெட்டி வந்து இறங்கியது. தத்தை கைகூப்பினாள். "புதுசுதான் ஜெயிக்கும் என்று மந்திரியே சொல்லிவிட்டார். ஆகவே பட்டத்து மரியாதை எல்லாம் அதற்கே நடக்கட்டும். என்னுடையது ஏழைப் பெட்டி, ஜன்னலோரம் சும்மா கிடக்கட்டும்."

மந்திரிக்கு வாயெல்லாம் பல். தன் கையாலேயே புதுப் பெட்டிக்குச் சந்தனத்தை அப்பினார். காற்றுப் போகும் ஓட்டை ஒன்றுகூட மிச்சமில்லை. ரோஜா மாலை, அதன் மேல் பட்டு, அது போதாதென்று இன்னொரு பட்டு. இந்தப் பக்கம் தத்தை பழைய பெட்டியின் சால்வையை உருவினாள். மூடியைத் திறந்து, விசிறியில் சிக்கியிருந்த காய்ந்த சாமந்தியை எல்லாம் வாரிப் போட்டு, 'ஃபூ' என்று ஊதினாள்.

இரண்டிலும் அதே ஊர்வலத்தை ஓடவிட்டார்கள். புதுசு குதிரை மாதிரிக் கிளம்பியது. மந்திரி மீசையை முறுக்கினார். கொஞ்ச நேரத்தில் பட்டுக்குள்ளிருந்து 'ஙொய்' என்று சத்தம். யானை தயங்கியது, காலைத் தூக்கியது, அப்படியே நின்றது. பழைய பெட்டியின் யானையோ ஆடி அசைந்து கோயில் வாசலுக்கே போய், துதிக்கையைத் தூக்கி ராஜாவுக்கு சலாம் வைத்தது.

"என்ன மந்திரம் போட்டாய்?" என்றார் ராஜா.

"எதையும் போடவில்லை அரசே, போர்த்தியதை எடுத்தேன். அதற்குப் புழுங்கியது, அவ்வளவுதான். புதுசும் நல்ல சரக்குதான், பட்டை உருவினால் பறக்கும். ஆனால் ஊர்வலம் பார்க்கப் பழசே போதுமே. இத்தனையும் போர்த்தினால் எந்த மூளைதான் ஓடும்?"

ராஜா யோசித்தார். அவருக்கும் வேர்த்துக் கொட்டியது. மெல்லக் கிரீடத்தைக் கழற்றினார். மாலையைக் கழற்றினார். அங்கிகளை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டுவிட்டு, பழைய பெட்டிக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தார். காற்று ஜிலுஜிலுவென்று வீசியது.

"ஆமாம் பிரம்மராயரே," என்று திடீரென்று கேட்டார், "அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரன் உமக்கு என்ன உறவு?"

இப்போது மந்திரிக்கு வேர்த்தது. "மச்... மச்சான் அரசே!"

ராஜா ஜன்னல் அதிரச் சிரித்தார். "பொன் ஏரிக்கே போகட்டும். யாரங்கே! தத்தைக்குப் பொன்னாடை போர்த்துங்கள்!"

தத்தை பதறிப் பின்வாங்கினாள். "எனக்கு வேண்டாம் அரசே! மந்திரிக்கே போர்த்துங்கள். அவர் மூளை கொஞ்சம் மெதுவாக ஓடினால்தான் நாட்டுக்கு நல்லது."